சுவருக்குப் போனவர்கள்

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

பாட்டில் தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கத் தலைவர் அண்ணன். எத்தனையோ வருஷமாக அவர்தான் தலைவர். அதே தொழிற்சாலையில் உலை வாயில் நிற்கிறவன் தம்பி. அங்கேயே பாட்டிலில் கீறல் பார்க்கிற பிரிவில் அண்ணி. மூன்று பேரும் ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அண்ணனும் அண்ணியும்தான். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு போக்கிடமும் இல்லை.

உலை வாயில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவனுக்கு மற்றவன் ஜோடி. சூட்டில் ஒருவனுக்குத் தலை சுற்றி விழுந்தால் மற்றவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போடுவான். ஜோடி என்பது அதற்குத்தான். வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்து, உலைக்கு ஓர் ஆள் போதும் என்று மேனேஜர் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார் அண்ணன். ஒருவரையும் கேட்கவில்லை. தம்பிக்கு ஜோடியாக இருந்தவன், ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடுகிறவன். தம்பியை வேறு உலைக்கு மாற்றினார்கள். ஒல்லி தனியாக நின்றான். தனியாக விழுந்தான். யாரோ அந்தப் பக்கம் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்மேல்தான் அண்ணன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரக் கையெழுத்து வாங்கினார்கள். போன வாரம் தம்பியும் போட்டான். அது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று கூட்டம்.

*

காலையில் அண்ணி மூன்று சாப்பாட்டு டப்பாக்களையும் வரிசையாக வைத்து மூடினாள்.

தம்பி சமையலறை வாசலில் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். விரல்கள் போட்டன. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லி போனதிலிருந்து இப்படித்தான். பல் விளக்குவது, செருப்பு மாட்டுவது, ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவுவது எல்லாம் வேறு யாரோ செய்கிற மாதிரி இருந்தது. முதல் வாரம், அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். கண்டனத் தீர்மானம்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு அண்ணி."

"அதைப் போட்டா போதாதா? நாலு பேர் முன்னால நிக்க வச்சுத் திட்டிட்டு விட்டுடலாமே. நாற்காலியைப் பிடுங்கித்தான் தீரணுமா?"

"கண்டனம் ஒரு வாட்டி போட்டாச்சு. கேன்டீன் தகராறுல."

"என்ன ஆச்சு?"

"தலைவரைக் கண்டிக்கிறோம்னு படிச்சாங்க. அண்ணன் எந்திரிச்சு எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

வேறு நாளாக இருந்தால் அண்ணி சிரித்திருப்பாள். டப்பா மூடியை ஒரு தட்டு தட்டி இறுக்கினாள்.

"அந்தப் பையன் செத்ததுக்கு எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? இந்தக் கையால அவனுக்கு எத்தனை தடவை சோறு போட்டிருக்கேன். ஆனா ஊர்ல யார் வேணா உங்க அண்ணனைக் கீழ எறக்கட்டும். நீ எறக்கக் கூடாது."

தம்பி அடுத்த பொத்தானைப் போட்டான்.

"வாயைத் திறக்க மாட்டியே. சரி, நான் ஒரு தடவைதான் சொல்வேன். இன்னிக்கு நீ சுவருக்குப் போனா அப்படியே போயிடு. இந்த வாசலுக்கு வராதே."

அவள் கத்தவில்லை. சாயங்காலம் வரும்போது உப்பு வாங்கி வா என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதனால் அவள் சொன்னதைச் செய்வாள் என்று தம்பிக்குத் தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சுவருக்குப் போவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாட்டில் தொழிற்சாலைக்காரர்களுக்குப் பாதிக் காது கிடையாது. இயந்திர இரைச்சல் தின்றுவிட்டது. ஆமாம், இல்லை என்று கத்தி ஓட்டுப் போட்டால் யார் எதற்குக் கத்துகிறான் என்று விளங்காது. கை தூக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு தடவை சில பேர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. ஆகவே தீர்மானத்தை ஆதரிக்கிறவன் எழுந்து போய் இடது பக்கச் சுவரில் முதுகை வைத்து நிற்க வேண்டும். எதிர்க்கிறவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நடுநிலை என்கிற சமாசாரமே அங்கே கிடையாது. சும்மா இருந்தால் எதிர்ப்பு என்று கணக்கு. எண்ணி முடித்து மேஜையைத் தட்டுகிறவரை மனசு மாறி வந்து உட்காரலாம்.

"உக்காந்தே இருந்தேன்னா?" என்று கேட்டான் தம்பி.

"மூணு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வரலாம்," என்று அவன் டப்பாவை நீட்டினாள் அண்ணி. "சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. நேத்தும் வச்சிருந்தே."

*

அண்ணி பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பின்னால் வருவாள். அண்ணனும் தம்பியும் வழக்கம்போல் நடந்தே போனார்கள். அண்ணன் நாலு அடி முன்னால். தலைவர் ஆன நாளிலிருந்து அவர் யார்கூடப் போனாலும் நாலு அடி முன்னால்தான் போவார்.

அண்ணனுக்குத் தொழிற்சாலையில் 'சங்கு' என்று பெயர். ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி குரல். அந்தக் குரலில்தான் தலைவர் ஆனார். காது போனவர்கள் கூட்டத்தில் கேட்கிற குரல் அது ஒன்றுதான். சங்கத்துக்கு ஒலிபெருக்கி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், "எதுக்குக் காசைக் கரியாக்கறது, நான் இருக்கேன்ல," என்பார். எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

தொழிற்சாலை வாசல் தெரிந்ததும் அண்ணன் திரும்பாமலே கேட்டார்.

"கையெழுத்துப் போட்டியாமே?"

"ஆமாண்ணே."

"பேனா எழுதிச்சா?"

"எழுதிச்சு."

"சங்க ஆபீஸ் பேனா எழுதாதே. யாரோடது?"

"சட்டத்தோடது."

"அதானே பார்த்தேன்."

சட்டம் என்பது அண்ணியோடு கீறல் பார்க்கிற ஒரு அம்மாள். சங்க விதிப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருப்பாள். அதனால் அந்தப் பெயர்.

வாசலில் நிற்கிறவன் இரண்டு பேரையும் பார்த்து, யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று குழம்பி, பேசாமல் கதவைத் திறந்துவிட்டான். அண்ணன் சங்க அறைக்குப் போனார். தம்பி உலைக்குப் போனான். இவ்வளவுதான் அவர்கள் பேசியது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

*

கீறல் பார்க்கிற இடத்தில் வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணை எடுக்கக் கூடாது. கீறல் கண்டால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். பேச வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவள் காதில் கத்த வேண்டும்.

அண்ணி கத்தினாள். "யார் பக்கம் அதிகம்?"

சட்டம் ஒரு பாட்டிலைக் கூடையில் போட்டாள். "சரிபாதி."

"நெசமாவா?"

"நான் எண்ணிப் பார்த்துட்டேன். ஒரு ஆள் இந்தப் பக்கம் வந்தா நாற்காலி போகும். அந்தப் பக்கம் போனா நிக்கும். உன் கொழுந்தன் கையெழுத்துதான் போட்டிருக்கான். எந்திரிப்பானா மாட்டானான்னு உனக்குத்தான் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் பேசியே எத்தனை நாளாச்சு."

பாட்டில்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேக்கறேன், மனசுல இருக்கறதைச் சொல்லு," என்று அண்ணி மறுபடி கத்தினாள். "என் வீட்டுக்காரர் கெட்டவரா?"

"கெட்டவரா இருந்தா என்ன, நல்லவரா இருந்தா என்ன. கேக்காமப் போட்டாரு. அதுக்குத்தான் இது."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்போம். ஒருவேளை சரின்னே சொல்லித் தொலைச்சிருப்போம். அப்ப அந்தப் பாவத்துல எங்களுக்கும் பங்கு. இப்ப முழுசும் அவருக்கு."

அண்ணி ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டாள். சட்டமே அவள் காதுப் பக்கம் வந்தாள்.

"இன்னொண்ணு. அவர் மேல தீர்மானம் வர்றப்ப அவர் தலைமை தாங்கக் கூடாது. எறங்கி பெஞ்சுல உக்காரணும். உபதலைவர்தான் நடத்துவாரு. அவர்கிட்ட சொல்லி வை, அங்க வந்து அசிங்கமாயிடக் கூடாது."

"கொசுவா நடத்தப் போறாரு?" என்றாள் அண்ணி. உபதலைவருக்கு அங்கே அந்தப் பெயர். "அவர் பேசினா அவருக்கே கேக்காதே!"

*

பகல் ஷிஃப்ட் முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. பெஞ்சுகள். முன்னால் ஒரு மேஜை, கை வைத்த ஒரு பெரிய நாற்காலி. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாய்ந்து நின்றால் சட்டையில் ஒட்டும். இதனால் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டான் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தெரியும். மேனேஜர் ஜன்னலுக்கும் தெரியும். ரகசிய ஓட்டு என்று விதிப் புத்தகத்தில் ஓர் இடத்தில் போட்டிருந்தது. புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் போடலாம்.

அண்ணன் உள்ளே வந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகப் போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி சொல்லாமல் விட்டிருந்தாள். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

சட்டம் எழுந்தாள். "தலைவரே, எறங்கணும்."

"என்னது?"

"எறங்கணும். இன்னிக்கு உங்களுக்கு அங்க உரிமை இல்லை."

"ஓ," என்றார் அண்ணன். "ஆமா. சரி."

எழுந்தார். இறங்கினார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் நடக்கிற நேரத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. யாரும் நகரவில்லை. கடைசியில் தம்பி நகர்ந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பெஞ்சு தள்ளிப் பெண்கள் பக்கத்தில் இருந்த அண்ணி அதைப் பார்த்தாள்.

உபதலைவர் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். உதடு அசைவது தெரிந்தது.

"கேக்கல!"

"சத்தமாப் படிங்கய்யா!"

அவர் கழுத்து நரம்பு புடைக்கப் படித்தார். முதல் பெஞ்சுக்காரர்கள் கையைக் காதில் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

"இங்க ஒவ்வொருத்தன் காதுலயும் வந்து படிச்சிட்டுப் போங்க. விடியறதுக்குள்ள முடிச்சிடலாம்!" என்றான் ஒருவன்.

சிரிப்பு. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "சங்கு படிக்கட்டும்!"

"ஆமா, சங்கு படிக்கட்டும்!"

"அவர் படிச்சாத்தான் கேக்கும்!"

அதைக் கிண்டலாகச் சொன்னார்களா, வழக்கத்தில் சொன்னார்களா என்று சொன்னவர்களுக்கே தெரிந்திருக்காது. உபதலைவர் திகைத்துப்போய்ச் சட்டத்தைப் பார்த்தார். சட்டம் புத்தகத்தைப் புரட்டினாள்.

"தலைமை தாங்கக் கூடாதுன்னுதான் இருக்கு. படிக்கக் கூடாதுன்னு இல்லை," என்றாள். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அண்ணன் எழுந்து போய்த் தாளை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார்.

"நமது சங்கத்தின் தலைவர், உறுப்பினர்களைக் கேட்காமலும் பொதுக்குழுவைக் கூட்டாமலும், உலைக்கு ஓர் ஆள் போதும் என்று நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசி வரிசையில் தலைகள் ஆடின. கேட்கிறது.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றினார். எத்தனை தீர்மானம் படித்தவர். தாளில் 'இதனால் ஓர் உயிர் போயிற்று' என்று இருந்தது. அவர் "இதனால் ஒல்லியின் உயிர் போயிற்று" என்று படித்தார். "ஆகவே இந்தத் தலைவர் மீது இந்தச் சங்கத்துக்கு நம்பிக்கை இல்லை என்று இக்கூட்டம் தீர்மானிக்கிறது!"

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். கல்யாணப் பத்திரிகை படிக்கிறவர் முகம் மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை அதில். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"பதில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு," என்றார் உபதலைவர். அதையும் சட்டம்தான் எழுந்து திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு உலையை மூடறேன்னாங்க. மூடினா அந்த உலைக்காரங்க அத்தனை பேரும் வெளியே. கையெழுத்துப் போட்டா ஒருத்தரும் வெளியே போக வேணாம்னாங்க. போட்டேன்."

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஒருத்தன் போயிட்டான்."

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று ஓர் உலைக்காரன் எழுந்தான்.

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா!"

"அதான் கேக்கல."

அறை முழுக்க ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. அண்ணன் மறுபடி கண்ணாடியை மாட்டினார். தாளில் எழுதாத கடைசி வரி ஒன்று உண்டு. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் சொல்கிற வரி. அதைச் சொன்னார்.

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க சுவருக்குப் போங்க!"

சொல்லிவிட்டு, தாளும் கையுமாக, நேராக நடந்து போய் இடது பக்கச் சுவரில் முதுகை வைத்து நின்றார்.

இத்தனை வருஷமும் அப்படித்தான். தீர்மானம் எல்லாம் அவர் கொண்டுவந்த தீர்மானம். படிப்பார், சொல்வார், முதல் ஆளாகப் போய் நிற்பார். மற்றவர்கள் பின்னால் போவார்கள். இன்றைக்கும் கால் போய்விட்டது.

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் யாரோ கத்தினார்கள். "தலைவரே! தப்பான பக்கம்!"

"சங்கு தனக்குத்தானே ஊதிக்கிச்சுடா!"

சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையோ என்னவோ. அவருக்கும் பாதிக் காதுதான்.

சட்டம் எழுந்து சுவருக்குப் போனாள். உலைக்காரர்கள் கூட்டமாக எழுந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சில பேர் பாதி எழுந்து பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பாதி காலியானது. அண்ணி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அது தெரிந்தது. உட்கார்ந்திருந்தால் வீடு. எழுந்தால் இல்லை. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் எழலாம் என்று உள்ளே தேடிப் பார்த்தான். கோபம் இல்லை. பயம் வந்தால் உட்காரலாம். அதுவும் இல்லை.

ஒல்லி விழுந்துகிடந்த நேரத்தில் எல்லாரும் அவரவர் உலையில் நின்று வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. நின்ற இடத்தில் நின்றார்கள். அவனும்தான் நின்றான்.

தம்பி எழுந்தான்.

சுவர் முழுக்க ஆட்கள். அண்ணனுக்கு இரண்டு பக்கமும்தான் இடம் விட்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. தம்பி போய் அங்கே நின்றான். சுண்ணாம்பு முதுகில் சில்லென்று பட்டது. அது மட்டும் தெரிந்தது.

உபதலைவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். அண்ணன் முன்னால் வந்ததும் விரல் நின்றது.

"தலைவரே, இன்னும் மேஜை தட்டல..."

அண்ணன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உபதலைவர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அவரையும் எண்ணிக்கொண்டு நகர்ந்தார்.

உட்கார்ந்திருந்தவர்களையும் எண்ணினார். மறுபடி ஒரு தடவை எண்ணினார். சட்டத்திடம் போய் ஏதோ சொன்னார். சட்டம் கண்ணை மூடித் திறந்தாள். மேஜையைத் தட்டினார்கள்.

ஓர் ஆள் வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஓர் ஆள் வித்தியாசத்தில் தோற்றிருக்கும்.

*

அண்ணி யாருக்கும் காத்திராமல் முன்னால் போய்விட்டாள்.

மாடிப்படியில் உபதலைவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசினார்.

"கால் தவறி நின்னுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக் காலை ஷிஃப்டுக்கு முன்னால சொன்னா போதும். மறுபடி எண்ணிடலாம்."

"அப்படி விதி இருக்கா?"

பின்னால் வந்த சட்டம் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். "இருக்கு. தவறுதலா நின்னவங்க மறுநாள் காலைக்குள்ள சொல்லலாம்." கொஞ்சம் தயங்கி, "சொன்னா நாற்காலி உங்களுக்குத்தான். உங்களை நான் பொய்யன்னு சொல்ல முடியாது. எல்லாரும் பார்த்தோம்."

"பார்த்தீங்கள்ல," என்றார் அண்ணன். படி இறங்கினார்.

அண்ணனும் தம்பியும் நடந்தார்கள். இந்தத் தடவை அண்ணன் முன்னால் போகவில்லை. பின்னாலும் போகவில்லை. தெருவில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"துணியை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பறேண்ணே," என்றான் தம்பி. "அண்ணி காலையிலேயே சொல்லிட்டாங்க. சுவருக்குப் போனா வீட்டுக்கு வரக் கூடாதுன்னு."

அண்ணன் நின்றார். "அப்படியா சொன்னா?"

"ஆமா."

"யாருக்குச் சொன்னா? உனக்கா, பொதுவாவா?"

தம்பி யோசித்தான். "எனக்குத்தான். நீங்க போவீங்கன்னு யாருக்குத் தெரியும்."

"அதுவும் சரி," என்று அண்ணன் மறுபடி நடந்தார். "எங்க போவே?"

"தெரியல."

வீடு மூன்றாவது மாடி. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அண்ணன் தட்டினார். திறக்கவில்லை. ஒரு குரல் கொடுத்தால் கட்டடமே எழுந்து வந்துவிடும். கொடுக்கவில்லை. மறுபடி தட்டினார்.

எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன தலைவரே, சாவியை மறந்துட்டீங்களா?"

"இல்ல. ஓட்டுப் போட்டுட்டு வந்தேன்."

எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணி ஒரு கையைக் கதவிலும் இன்னொரு கையை நிலையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் சேலை மாற்றவில்லை. அழுத முகம் இல்லை.

"அவன்கிட்ட காலையில சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தோணல," என்றாள். "உங்களுக்காக நான் அங்க உக்காந்திருந்தேன். நீங்க உங்களுக்கு எதிரா நிக்கறீங்க. என் பக்கத்துல இருந்தவ என்னைப் பார்த்து 'நீ யாருக்குடி உக்காந்திருக்கே'ன்னு கேக்கறா. என்ன சொல்றது நான்?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கால் தவறிப் போச்சா, நீங்களா போனீங்களா?"

"காலையில சொல்லிட்டா நாற்காலி திரும்பக் கிடைக்குமாம்."

"நான் அதைக் கேக்கல."

அண்ணன் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது, எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சின்னக் குரலில் பேசினார்.

"முதல்ல கால்தான் போச்சு. தினம் போற கால். போய் நின்னப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்பி வந்திருக்கலாம். வரல."

"ஏன்?"

"தெரியல."

அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அப்புறம் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"வந்து முகத்தைக் கழுவுங்க."

அண்ணன் உள்ளே போனார். தம்பி மிதியடிக்கு வெளியிலேயே நின்றான். அண்ணி அவன் பக்கம் திரும்பவில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்துங்க," என்றாள் உள்ளிருந்து.

அண்ணன் கதவில் கை வைத்தார். இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் தம்பி.

"என்ன நிக்கறீங்க? யாரையும் கேக்காமச் செய்யறதுதானே உங்க பழக்கம். இதுக்கு மட்டும் என்ன யோசனை?"

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அங்கிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"நீ சொல்லு," என்றார். "சாத்தட்டுமா?"

கதவைப் பிடித்தபடி அண்ணன் காத்திருந்தார்.